முதல் பந்தி முடிகிற வரைக்கும்

இந்த அம்மணி இன்னும் மூன்றாவது இட்லியைத் தொடவே இல்லை. முதல் இட்லி சட்னிக்குப் போனது, இரண்டாவது சாம்பாருக்கு, மூன்றாவதை எதற்குக் கொடுப்பது என்று விரலை இலைமேல் நிறுத்தி வைத்துக்கொண்டு யோசிக்கிறாள். தோட்டத்தில் போர்வெல் போட இடம் பார்க்க வருகிறவன் தேங்காயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காடு பூராவும் நடப்பானே, அவன்கூட இத்தனை யோசித்து நான் பார்த்ததில்லை. யோசி அம்மணி, நிதானமாக யோசி, உனக்கென்ன, நீ மாப்பிள்ளை வீட்டுக்காரி. மாப்பிள்ளைக்கு அத்தையாம். நான் பெண் வீடு. என் தம்பி செம்மலையின் பேத்திதான் கல்யாணப் பெண். காலை ஆறு மணிக்கே தாலி கட்டி முடிந்து, மாடியில் சீரும் போட்டோவும் நடந்துகொண்டிருக்கிறது, கீழே சாப்பாட்டுக்கூடத்தில் முதல் பந்தி. முதல் பந்தி மாப்பிள்ளை வீட்டாருக்கு. அவர்கள் உண்டு, கை கழுவி, வெற்றிலை எடுக்கிற வரைக்கும் பெண் வீட்டார் ஒருத்தர்கூட இலையில் உட்காரக் கூடாது, எங்கள் பக்கத்து வழக்கம். "அண்ணா, பந்தி உங்க பொறுப்பு, நீங்க நின்னாத்தான் எடுப்பா இருக்கும்" என்று செம்மலை சொன்னபோது பட்டுச் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, "நீ மேடையப் பாருடா, இங்க ஒருத்தர் முகம் சுளிக்காமப் பாத்துக்கறேன்" என்று சொன்னவன் நான்தான். அப்போது மணி எட்டே கால். எட்டு ஐந்துக்குத்தான் மண்டபத்துக் குளியலறையில் சட்டையைத் தூக்கிப் பல்லில் கடித்துக்கொண்டு இருபத்தெட்டு யூனிட் இன்சுலினை வயிற்றில் போட்டிருந்தேன். போட்டு அரை மணியில் சாப்பிட்டாக வேண்டும். இப்போது ஒன்பது ஐந்து. சுவர்க்கடிகாரத்தில் முட்கள் இரண்டிரண்டாகத் தெரிவதால் ஒன்பது பத்தாகவும் இருக்கலாம்.

வேர்க்கிறது. தை மாசத்துக் காலையில், தலைக்கு மேலே மின்விசிறி சுற்றும்போது, முதுகுத்தண்டு வழியாக ஒரு கோடு சில்லென்று இறங்குகிறது. பட்டுச் சட்டை ஒட்டிக்கொண்டுவிட்டது, இனி வாழைப்பட்டை மாதிரி உரித்துத்தான் எடுக்க வேண்டும். அம்மணியின் நாற்காலி முதுகைப் பிடித்திருக்கிறேன், பிடித்த கை ஆடுகிறது, கை ஆடுவதால் நாற்காலி ஆடுகிறது, நாற்காலி ஆடுவதால் அம்மணியின் காதுத் தோடு ஆடுகிறது. போர் போடுகிற ரிக் வண்டியில் கம்ப்ரஸர் ஓடும்போது பக்கத்துக் கூடாரத்தில் டீ டம்ளர் இப்படித்தான் ஆடும். முப்பத்தாறு வருஷம் அந்த ஆட்டத்தோடு வாழ்ந்தவன் நான், திருச்செங்கோட்டிலிருந்து புறப்பட்டு பீதர், ராய்ப்பூர், ஜோத்பூர் என்று பூமியை ஓட்டை போட்டுக்கொண்டே போனவன், இப்போது ஆடுவது பூமியா நானா என்று தெரியவில்லை. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிறது. துடைத்துப் பார்த்தால் எறும்பு இல்லை. பசி. சாதாரணப் பசி இல்லை, இந்த வரிசையில் இருக்கிற அத்தனை இலையையும் இலையோடு மடித்து வாயில் போட்டுக்கொள்ளலாம் போல ஒரு பசி. இது என்ன என்று எனக்குத் தெரியும். சர்க்கரை இறங்குகிறது. ஏறினால் ஊசி, ஊசி போட்டால் இறங்கும், அளவுக்கு மேல் இறங்கினால் ஆளையே இறக்கிவிடும். ஐப்பசியில் ஒரு தடவை இப்படித்தான் காய்கறிச் சந்தையில் வெண்டைக்காய்க் குவியல்மேல் போய் விழுந்தேன். மகன் தனசேகர் ஓசூரிலிருந்து மத்தியானமே காரில் வந்து நின்றான். "அப்பா, இன்னொரு தடவை விழுந்தீங்கன்னா உங்களைத் தனியாத் தெருவுக்குக்கூட விடமாட்டேன். நேரா ஓசூர்தான்." ஓசூர் வீடு ஆறாவது மாடி. லிப்டுக்கு ஒரு பொத்தான், கதவுக்கு ஒரு பொத்தான், கீழே நிற்கிற காவலாளிக்கு என் தமிழும் புரியாது, என் பொய்யும் புரியாது. ஒரு மனுசனிடம் பொய் சொல்லக்கூட வழியில்லாத ஊரில் நான் என்னத்தைச் செய்வேன்? ஆக, இங்கே விழக் கூடாது. விழுந்தால் ஓசூர். எழுந்திருக்காமலே போனால் ஓசூரும் இல்லை. அந்த இரண்டாவது நினைப்பை இப்போது நினைக்க வேண்டாம், அது ஓரமாக நிற்கட்டும்.

மேலே பாவாயி இருக்கிறாள். என் வீட்டுக்காரி. அவள் பையில் சர்க்கரை பார்க்கிற மெஷின் இருக்கிறது, குளுக்கோஸ் பொட்டலம் இருக்கிறது, பட்டுச் சட்டையில் பை கிடையாது என்று என் போனும் அங்கேதான் இருக்கிறது. மாடிக்கு இருபத்திரண்டு படி, காலையிலேயே எண்ணினேன். இருபத்திரண்டு படி இப்போது எனக்கு ஆயிரம் அடி போர். என் வேட்டி மடிப்பில் நான்கு ஆரஞ்சு மிட்டாய் இருந்திருக்க வேண்டும், அவசரத்துக்கு என்று அவளே எண்ணி முடிந்து வைத்தது. சங்ககிரி தாண்டுவதற்குள் பஸ்ஸிலேயே அவசரம் வந்துவிட்டது, மிட்டாயின் அவசரம். கண்டக்டருக்கு ஒன்று கொடுத்து மூன்று நான் தின்றேன். என்ன செய்வது, நாக்கு அப்படி. ஊசி தொடங்கிய புதிதில் ஒரு ரகசியம் கண்டுபிடித்தேன்: சர்க்கரைக்காரன் கண்ணைச் சொருகிக்கொண்டு "தலை சுத்துது" என்றால் ஊரே இனிப்போடு ஓடி வரும். பொங்கலுக்குச் சுற்றியது. தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் சுற்றியது. கோயிலில் பஞ்சாமிர்தம் கண்ணில் பட்டதும் தூணைப் பிடித்துக்கொண்டு சுற்றியது, பூசாரியே ஒரு டப்பா கொடுத்தார். பாவாயி ஒருநாள் சந்தேகப்பட்டு, நான் கண்ணைச் சொருகிய நிமிஷத்திலேயே விரலைப் பிடித்துக் குத்திப் பார்த்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு. அன்றைக்கு அவள் பார்த்த பார்வை இருக்கிறதே, கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "நெசமா வந்தா எப்படிங்க நான் கண்டுபிடிக்கறது?" என்று கேட்டாள், அவ்வளவுதான். அதிலிருந்து வீட்டில் ஒரு சட்டம்: முதலில் விரல், பிறகுதான் இனிப்பு. நியாயமான சட்டம். விரல் இங்கே இருக்கிறது, மெஷின் மேலே இருக்கிறது.

சமையல்கட்டுக்குப் போயிருக்கக் கூடாதா என்று கேட்டால், போனேன். கால் மணிக்கு முன்னால், முட்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தபோதே போனேன். மாஸ்டர் குப்புராசு கேசரி அண்டாவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். ஒரு கரண்டி கேசரி குடு என்றேன். "எதுக்குங்ணா?" என்றான். மயக்கமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்தது. என் வாய் என்ன சொன்னது? "மாப்பிள்ளையோட தாய்மாமன் பெரிய போலீஸ் அதிகாரிடா, கேசரியில முந்திரி பத்தலைன்னு மீசையை முறுக்கறாரு, நான் ருசி பார்த்து ஒரு சொல் சொன்னாத்தான் அடங்குவாரு." குப்புராசு கரண்டியை அண்டா விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டு நிதானமாகச் சிரித்தான். "அண்ணா, மாப்பிள்ளையோட தாய்மாமன் ரேஷன் கடையில எடை போடறாருங்க. எங்கூருதான்." சரி, நெசத்தைச் சொல்கிறேன், தலை சுத்துதுடா என்றேன். "கார்த்திகையில நடந்த காதுகுத்துலயும் இதே மாதிரிதானுங்க சுத்துச்சு. மூணு ஜாங்கிரி தின்ன பொறவு நின்னு போச்சு. அக்கா என்கிட்டக் கண்டிசனாச் சொல்லிட்டாங்க, உங்களுக்கு இனிப்புப் பக்கம் கையக் காட்டக்கூடாதுன்னு. அக்கட்டால போங்ணா, எண்ணெய் தெறிக்கும்." அவன்மேல் தப்பில்லை. நல்ல பையன், சொன்ன சொல் காப்பாற்றுகிறவன். வரும்போது சுவரைத் தொட்டுக்கொண்டே வந்தேன், சுவர் முடிந்த இடத்தில் இந்த அம்மணியின் நாற்காலி இருந்தது, பிடித்துக்கொண்டேன். கடைசி நாற்காலி. அவள் எழுந்தால் நான் உட்காருவேன், வழக்கமாவது ஒன்றாவது. ஆனால் அவள் எழுந்திருக்க வேண்டுமே. மூன்றாவது இட்லி இப்போது சாம்பாருக்குள் போகிறது. போடு, போடு. அடப்பாவி, பொங்கல் கேட்கிறாளே.

"ஏனுங்ணா." அவள் திரும்பிப் பார்க்கிறாள். இரண்டு முகம், நான்கு மூக்குத்தி, ஒரே ஒரு குரல். "பொண்ணு வூட்டுக் கவனிப்பு ரொம்பப் பலமுங்க. நாற்காலிக்குப் பின்னாடியே காவல் போட்டுட்டீங்க. நான் இட்லியத் தூக்கிக்கிட்டு ஓடிருவேன்னு பயமுங்களா?" பக்கத்து இலைக்காரர்கள் சிரிக்கிறார்கள். இதுதான் நேரம். சொல்லிவிடு அர்த்தநாரி. அம்மணி, எனக்கு உடம்பு சரியில்லை. நான்கே சொல். நாக்கு புரள்கிறது, கனமாக இருக்கிறது, வேறு யாருடையதோ நாக்கு மாதிரி. "இல்லீங்க அம்மணி," என்கிறது என் வாய், "எங்க வம்சத்துல ஒரு பழக்கம், சம்மந்தி வூட்டு மூத்த சுமங்கலி உண்ணும்போது பின்னாடி நின்னு விசிறோணும், விசிறி கெடைக்கலை, அதுதான் நாற்காலியை ஆட்டறேன்." மறுபடியும் சிரிப்பு. அம்மணி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள், தோடு குலுங்குகிறது. "நல்லாப் பேசறீங்க, போங்க!" என்று இலைப் பக்கம் திரும்பிவிட்டாள். பார், எப்படி வந்தது பார். கால் நழுவுகிறது, கண் இருட்டுகிறது, அந்த நேரத்திலும் விசிறி, சுமங்கலி, வம்சம். உண்மை வர வேண்டிய வழியில் பொய் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறது, எழுந்திரு என்றால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. எழுபத்தொரு வருஷம் சோறு போட்டு வளர்த்தேன், இப்போது வீட்டுக்காரனையே வெளியே தள்ளுகிறது.

ஏன் இன்றைக்கு இப்படி இறங்குகிறது? அரை மணி, முக்கால் மணி தாமதம் முன்பும் ஆனதுண்டு. பசிக்கும், கை லேசாக உதறும், அவ்வளவுதான். இன்றைக்குக் கிணற்றில் வாளி போகிற மாதிரி போகிறது. இன்றைக்கு என்ன புதுசு? சட்டை புதுசு. இடம் புதுசு. ஆமாம், ஊசி போட்ட இடம் புதுசு. போன வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஜெசிந்தா சிஸ்டர் என் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இதென்ன இது?" என்றார். தொப்புளுக்கு இடது பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. ஊசி தொடங்கிய பிறகு எட்டுக் கிலோ ஏறினேன், அந்தத் தொப்பைக்குள் இது தனியாகத் தெரிந்ததில்லை. இரண்டு வருஷமாக ஒரே இடத்தில் போட்டுப் போட்டு வந்த கட்டி. அந்த இடத்தில் வலிக்காது, மரத்துப் போயிருக்கும், கண்ணை மூடிக்கொண்டு போடலாம். தினம் இடம் மாற்றிப் போடச் சொல்லி வயிறும் தொடையும் வரைந்த தாள் ஒன்று கொடுத்திருந்தார்கள். நான் தினமும் அதில் ஒரு கட்டத்தில் பேனாவால் குறி போட்டேன், ஊசியை மட்டும் பழைய இடத்திலேயே போட்டேன். "இன்னைக்கு எந்தப் பக்கமுங்க?" என்று பாவாயி கேட்பாள், "வலது தொடை" என்பேன், வாய் கூசாது. சர்க்கரை அடங்கவில்லை என்று டாக்டர் பதினெட்டை இருபத்திரண்டாக்கினார், இருபத்திரண்டை இருபத்தெட்டாக்கினார். ஒழுங்காக இடம் மாற்றிப் போடுகிற ஆளுக்கு ஏன் அடங்கவில்லை என்று தலையைச் சொறிந்தார், பாவம் படித்த மனுசன். சிஸ்டர் மட்டும்தான் கையை வைத்துப் பார்த்தார். "தாத்தா, கட்டியில போட்டா மருந்து உள்ள சரியாச் சேராது. இனி இந்த எடத்துல போடாதீங்க, வேற எடம் மாத்துங்க, ஆனா..." ஆனா. ஆனாவுக்குப் பிறகு என்ன சொன்னார்?

ஆனா. அந்த இடத்தில்தான் நான் பேச ஆரம்பித்தேன். நன்றாக நினைவிருக்கிறது. கட்டி, துளை என்றதும் ராய்ப்பூர்ப் பக்கத்தில் போர் போடும்போது ராடு கழன்று உள்ளே விழுந்த கதை எனக்கு வந்துவிட்டது. அறுநூறு அடியில் விழுந்த ராடு மூன்றாம் நாள் நாலு மைல் தள்ளி ஒரு பண்ணையார் கிணற்றில் மிதந்தது, அதன்மேல் ஒரு தவளை உட்கார்ந்து இந்தியில் கத்தியது என்கிற கதை. சிஸ்டர் உதடு அசைந்துகொண்டே இருந்தது, என் கதையும் ஓடிக்கொண்டே இருந்தது. தவளை வந்த இடத்தில் அவர் சிரித்துவிட்டார். அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார். ஆனாவுக்குப் பிறகு அந்த வெள்ளை உடுப்பு, அந்த உதடு, தவளை. ஆனா சாப்பிட்டுப் போடுங்க? இல்லை. ஆனா தேய்க்காதீங்க? இருக்கலாம். ஆனா, ஆனா, ஆனா, ராடு ஒரே பாறையில் தட்டிக்கொண்டே இருக்கிற சத்தம், அதன் முனையில் இருக்கிற பிட் தேய்கிறதே தவிர இறங்கவில்லை. ஒரு வாரம் புது இடத்துக்குப் பயந்து பழைய இடத்திலேயே போட்டேன், இன்றைக்குக் கல்யாண நாள், நல்ல காரியம், சிஸ்டர் பேச்சைக் கேட்போம் என்று தொப்புளுக்கு வலது பக்கம் குத்தினேன். சுருக்கென்று வலித்தது. உயிருள்ள இடம். யோசி. நீ போர்க்காரன், போர்க்காரனாக யோசி. பழைய போர் மண் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? எத்தனை பெரிய மோட்டார் வைத்தாலும் தண்ணீர் நூல் மாதிரிதான் வரும். மோட்டாரை மாற்றி மாற்றிப் பெரிசாக்குவான் தோட்டக்காரன். அப்புறம் பத்தடி தள்ளிப் புதுப் போர் போட்டு, அந்தப் பெரிய மோட்டாரையே தூக்கி அதில் இறக்கினால்? பீதரில் நான் கண்ணால் பார்த்தேன், இது கதை இல்லை, பைப் பிய்த்துக்கொண்டு போய்ப் பாத்தியே கரைந்தது. புதுத் துளைக்குப் பழைய மோட்டார் ஆகாது. குறைக்க வேண்டும். ஆனா அளவைக் குறைக்கணும், டாக்டர்கிட்டக் கேட்டுட்டுத்தான் மாத்தணும். அதுதான். அதுதான் அந்த உதடு. இருபத்தெட்டும் இன்றைக்கு முழுசாக உள்ளே போய்விட்டது. தாமதம் பாதி, தவளை பாதி.

காரணம் தெரிந்ததும் பயம் குறையும் என்பார்கள். குறையவில்லை, ஆனால் ஒரு வடிவத்துக்கு வந்தது. இது இன்னும் இறங்கும். தானாக நிற்காது. கூடத்துச் சத்தமெல்லாம் தூரப் போகிறது, பாத்திரச் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது, ஆயிரத்து நூறு அடியில் கீழே ஆட்கள் பேசுகிற சத்தம் கேட்டது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே, அந்தச் சத்தத்தை இப்போதுதான் முதல்முதலாகக் கேட்கிறேன், நான்தான் கீழே இருக்கிறேன், இவர்களெல்லாம் மேலே உண்டுகொண்டிருக்கிறார்கள். திடீரென்று எல்லோர்மேலும் கோபம் வருகிறது, செம்மலைமேல், குப்புராசுமேல், பொங்கல்மேல். அடுத்த நிமிஷம் அழுகை வருகிறது. பாவாயி மேலே சிரித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்பாள், கீழேயிருந்து யாரோ ஓடி வந்து அக்கா என்று கூப்பிடுவார்கள், அவள் முதலில் நம்பமாட்டாள். நடிக்கிறார் என்பாள். அதற்குப் பிறகு மிச்சக் காலம் பூராவும், நம்பவில்லையே என்று அவள் உட்கார்ந்திருப்பாள். அது கூடாது. நான் போவதுகூடப் பரவாயில்லை, அது கூடாது. குனிந்தேன். அம்மணியின் காதுக்குப் பக்கத்தில், மல்லிகைப் பூ வாசத்துக்குள் வாயைக் கொண்டுபோனேன். ஒரு சொல், பிறகு அடுத்த சொல். ஜோடிக்காதே. யாரையும் உள்ளே இழுக்காதே. "அம்மணி. எனக்குச் சர்க்கரை இறங்குதுங்க. ஊசி போட்டவன்."

அவள் சிரிக்கவில்லை. அதுதான் முதலில் தெரிந்தது. கையில் இருந்த பொங்கலை இலையில் போட்டாள், எச்சில் கையோடு எழுந்தாள், பந்தியில் பாதியில் எழுந்திருக்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாமலா இருக்கும், எழுந்தாள். இடது கை என் கக்கத்தில் நுழைந்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது நாற்காலி, சூடான நாற்காலி. "யாரப்பா அங்க! டீக்கு வச்ச சர்க்கரைய எடுத்தா! தண்ணியும் கொண்டா! வெசையா வா, அன்னநடை நடக்காத!" என்று அவள் போட்ட சத்தத்தில் கூடமே திரும்பியது. டம்ளரில் பாதிக்குச் சர்க்கரை. விரலாலேயே கலக்கினாள். "வாயத் தெறங்க. முழுங்குங்க. இன்னொரு வாய். கண்ண மூடாதீங்க, என்னப் பாருங்க."

"அம்மணி, சட்டையில..."

"சட்டை கெடக்குது, கம்முனு குடிங்க. எங்க வூட்டுக்காரருக்கும் பன்னண்டு வருசமா ஊசிதானுங்க, எனக்கா தெரியாது? அட கிறுக்கு மனுசா, விசிறி வீசறேன்னு கதை விட்டீங்களே, இத மொதல்லயே சொல்றதுக்கு என்னுங்க கேடு?"

"சொன்னா நம்பமாட்டீங்கன்னு..."

"ஏன் நம்பாம? உங்கள எனக்கு முன்னபின்னத் தெரியுமா?"

சர்க்கரைத் தண்ணீர் தொண்டையில் இறங்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது, புரை ஏறியது, முதுகில் ஒரு தட்டு தட்டினாள், போர் பைப்பைத் தட்டுகிற மாதிரி. தெரிந்தவர்கள் இருநூறு பேர் இருக்கிற மண்டபத்தில் என்னைத் தெரியாத ஒருத்திதான் என்னைக் காப்பாற்ற முடிந்திருக்கிறது. எறும்புகள் ஒவ்வொன்றாக உதட்டை விட்டு இறங்கிப் போயின. மூக்குத்தி நான்கிலிருந்து இரண்டாயிற்று. அவளுக்கு இரண்டு பக்கமும் மூக்குத்தி என்று அப்போதுதான் தெரிந்தது.

பாவாயி வந்தாள். பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பட்டுச் சேலைக் கொசுவத்தை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, படியில் ஓடி வந்த மூச்சோடு. எதிரே நின்றாள். முகத்தில் இரண்டு பேர் இருந்தார்கள், பயப்படுகிறவள் ஒருத்தி, இன்றைக்கும் ஏமாறத் தயாராக இல்லாதவள் ஒருத்தி. விரலை நீட்டினேன். சர்க்கரை ஒட்டியிருக்கிறதே என்று ஈரக் கைக்குட்டையால் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் குத்தினாள், சட்டம் சட்டம்தான். மெஷின் எண்ணி முடித்தது. ஐம்பத்திரண்டு. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சர்க்கரைத் தண்ணீர் குடித்த பிறகு ஐம்பத்திரண்டு என்றால் முன்னால் எத்தனை என்று அவள் மனசுக்குள் கணக்குப் போடுவது அவள் கழுத்து நரம்பில் தெரிந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டாள், பட்டுச் சேலையோடு.

"நெசமாத்தான் வந்திருச்சுங்களா?"

"நெசமாத்தான் வந்திருச்சு, பாவா." அவள் கையைப் பிடித்து வயிற்றின் இடது பக்கம் வைத்தேன். சட்டைக்கு மேலேயே தட்டுப்பட்டது. "இது என்னன்னு கேளு."

"என்னுங்க இது?"

"ரெண்டு வருசமா இங்கயேதான் போட்டேன். தொடைன்னது பொய், வலதுன்னது பொய், தாள்ல குறி போட்டது பூராப் பொய். இன்னைக்குத்தான் புது எடத்துல போட்டேன், அளவக் குறைக்காமப் போட்டேன். சிஸ்டர் சொல்லும்போது நான் பேசிக்கிட்டிருந்தேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கை அந்தக் கட்டியை விட்டு நகரவில்லை. விளையாட்டில் ஒளிந்திருந்தவனைக் கண்டுபிடித்ததுபோல, பிடித்த பிடியை விடாமல் இருந்தாள். "சாயங்கால ஊசி சிஸ்டரைக் கேக்காமக் கெடையாது," என்றாள் கடைசியில். கால் மணி கழித்து இரண்டாவது விரல். தொண்ணூற்று நான்கு. அம்மணி அதுவரைக்கும் கை கழுவாமல் நின்று பார்த்துவிட்டு, "இனி உண்ணலாமுங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பாவாயி தனசேகருக்குப் பேசப் போனை எடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. யாரோ விழுந்தார்கள், நான் தூக்கிவிட்டேன் என்று ஒரு கதைகூடத் தயாராக வந்து நின்றது, நல்ல கதை. அவள் போனை என் கையிலேயே கொடுத்தாள். "நீங்களே சொல்லுங்க." சொன்னேன். ஐம்பத்திரண்டு என்றேன், கட்டி என்றேன், பொய்க் குறி என்றேன், மிட்டாய் தின்றது வரைக்கும் சொன்னேன். ஆறாவது மாடி மெல்ல மெல்ல என்னை நோக்கி இறங்கி வந்துகொண்டிருந்தது.

"விழுந்தீங்களாப்பா?"

"விழலைடா."

"பொறவு எப்படித் தெரிஞ்சுது?"

"நானே சொன்னேன். மாப்பிள்ளையோட அத்தைகிட்ட."

"நீங்களே சொன்னீங்களா?" அவன் குரல் ஒரு மாதிரி ஆனது. "ஒண்ணும் சேர்க்காமயா?"

"மொதல்ல கொஞ்சம் சேர்த்தேன். பொறவு சேர்க்காமச் சொன்னேன்."

அவன் சிரித்தானா, மூக்கை உறிஞ்சினானா தெரியவில்லை. "நாளைக்கு டாக்டர்கிட்டப் போகோணும்ப்பா. கட்டியக் காட்டோணும், இந்தத் தாள் விசயத்தையும் சொல்லோணும். நான் கெளம்பி வரட்டுமா, நீங்களே போய்க்குவீங்களா?"

கேட்டான். என்னைக் கேட்டான். ஐப்பசிக்குப் பிறகு அவன் என்னிடம் சொன்னதெல்லாம் உத்தரவு, இதுதான் முதல் கேள்வி. போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன். "நானே போய்க்குவேன் சாமி."

"சரி. அவர் என்ன சொன்னாருன்னு எனக்குச் சொல்லுங்க, அப்படியே."

இரண்டாவது பந்திக்கு இலை போட்டார்கள். செம்மலை எங்கிருந்தோ ஓடி வந்து, "அண்ணா, நீங்க மொதல்ல உக்காருங்க" என்று என் தோளை அழுத்தினான், எனக்கு நேராகவே கண் கலங்கினான், நாளைக்கு அவனைச் சமாதானப்படுத்த வேண்டும். இலையில் தண்ணீர் தெளித்தேன். கை ஆடவில்லை. குப்புராசு தானே வாளி தூக்கிக்கொண்டு வந்தான், என் முகத்தைப் பார்க்க முடியாமல் மூன்று இட்லி வைத்துவிட்டு நின்றான், "உன்மேல தப்பில்லடா" என்றேன், போனான். பக்கத்து இலையில் பாவாயி உட்கார்ந்தாள். ஊசி வந்த நாளிலிருந்து எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும் அவள் சாப்பிடுவதில்லை, என் இலையைத்தான் பார்ப்பாள், என் கை எங்கே போகிறது, எதை மறைக்கிறது என்று, அவள் இட்லி ஆறிப்போகும். இன்றைக்கு நான் ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு ஓரக்கண்ணால் பார்த்தேன். பாவாயி குனிந்து, தன் இலையைப் பார்த்து, சூடாக இட்லியைப் பிட்டுச் சட்னியில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.